பக்கத்துக்கு ஆயிரம்

மனைவி: ...அதையெல்லாம் நான் கேட்கல. எண்ணைத்தான் கேட்டேன்.

கணவர்: எந்த எண்?

மனைவி: தெரியாத மாதிரி முகத்தை வெச்சுக்காதீங்க. உங்க காலேஜ் நூலகம் அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வருஷத்துக்கு எவ்வளவு கட்டுது? ஒரே ஒரு எண்.

கணவர்: சட்டை தேய்ச்சுக்கிட்டிருக்கேன்.

மனைவி: வாயாலயா தேய்க்கறீங்க?

கணவர்: கையெழுத்துப் போட்டிருக்கேன்மா. நீயும்தான் போட்டிருக்கே. 'விலையை வெளியார் எவரிடமும் தெரிவிக்கக் கூடாது.' ஒப்பந்தத்துல பன்னிரண்டாவது பக்கம்.

மனைவி: நான் வெளியாளா? இருபத்திரண்டு வருஷமா உங்க துணியைத் துவைக்கறவ வெளியாளா?

கணவர்: துவைக்கறது நீ. தேய்க்கறது யாரு? இது உன் புடவை.

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. நாலு வருஷம் முன்னாடி ரெண்டு பேருக்கும் ஒரே மாசத்துல அதே கம்பெனி வந்துச்சு. நான் டவுன் நூலகத்துல, நீங்க காலேஜ்ல. அன்னிலேருந்து இந்த வீட்டுல எல்லாத்தையும் பேசியாச்சு. உங்க தங்கச்சி கல்யாணக் கடன், என் தைராய்டு, மாடி வீட்டுக்காரங்க சண்டை... அந்த எண்ணை மட்டும் பேசல.

கணவர்: நீயும் உன்னோடதைச் சொல்லல.

மனைவி: நீங்க கேட்கல.

கணவர்: கேட்டிருந்தா?

மனைவி: பன்னிரண்டாவது பக்கத்தைக் காட்டியிருப்பேன்.

கணவர்: பாத்தியா!

மனைவி: அது அப்போ. இப்ப நிலைமை வேற. மணி என்ன?

கணவர்: மூணு பத்து.

மனைவி: அடுத்த வருஷ ஒப்பந்தத்துக்கு அஞ்சு மணிக்குள்ள நான் பதில் சொல்லணும். கம்பெனிக்காரர் கேட்கற தொகைக்குச் சரின்னு சொன்னா, எங்க நூலகக் குழு இந்தத் தடவை ஒதுக்கினது பத்தாது. குழு கொடுத்தது ரெண்டு லட்சத்து அறுபதாயிரம். அதுக்கு மேல போற காசை எங்கேருந்து எடுப்பாங்க தெரியுமா?

கணவர்: தெரியும்...

மனைவி: வண்டியிலேருந்து. புத்தக வண்டி ஒண்ணாம் தேதியோட நிக்கும். டிரைவர்கிட்ட ஏற்கெனவே சொல்லிட்டாங்க. அந்த மனுஷன் நேத்து வண்டியைக் கழுவிட்டு, டயருக்கும் காத்து அடிச்சு வெச்சுட்டுப் போறார். நிக்கப் போற வண்டிக்கு.

கணவர்: ம்...

மனைவி: ஆஸ்பத்திரிப் பின்வாசல்ல நர்சுங்க செவ்வாய்க்கிழமை காத்துக்கிட்டு நிப்பாங்க. ஷிப்ட் முடிஞ்சு தூங்கப் போகாம நிப்பாங்க. அவங்ககிட்ட யார் சொல்லறது?

கணவர்: நான் கம்பெனிக்காரர்கிட்ட பேசட்டுமா?

மனைவி: நீங்க பேசினா 'பரவாயில்ல சார், நீங்க சொன்னா சரி சார்'னு முடிச்சுட்டு வருவீங்க. கத்தரிக்காய்க்கே பேரம் பேசத் தெரியாது உங்களுக்கு.

கணவர்: அது அந்தம்மா தலையில சுமந்துக்கிட்டு வருது, அதுகிட்ட போய்—

மனைவி: நான் பேசிக்கறேன். ஆனா கையில ஏதாவது இருந்தாத்தான் பேச முடியும். 'யாருக்கும் இதைவிடக் குறைச்சுக் கொடுக்கல மேடம்'னு அவர் சொல்லறார். அது நிஜமா, கதையா? ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு இன்னொரு எண் வேணும். எனக்கு வேற எந்த நூலகரைத் தெரியும்?

கணவர்: ...சொல்ல முடியாதுமா.

மனைவி: சரி. சொல்ல வேண்டாம்.

கணவர்: கோபமா?

மனைவி: இல்ல. வாயால சொல்லாதீங்க. அலமாரியிலேருந்து ஒரு புத்தகம் எடுத்துட்டு வாங்க.

கணவர்: என்ன புத்தகம்?

மனைவி: எதுவா இருந்தா என்ன? கடைசிப் பக்கத்துல என்ன எண் போட்டிருக்கோ, அத்தனை ஆயிரம். பக்கத்துக்கு ஆயிரம். நீங்க யாருக்கும் விலையைத் தெரிவிக்கல. பொண்டாட்டிக்கு ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தீங்க. எந்தக் கோர்ட்டுல கேஸ் போடுவாங்க?

கணவர்: ...எத்தனை நாளா யோசிச்சே இதை?

மனைவி: நீங்க இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணின நேரத்துல.

கணவர்: புத்தகம்தானே...

மனைவி: புத்தகம்தான்.

கணவர்: சரி. எடுத்துட்டு வரேன். அந்தப் பெட்டியை அணைச்சுடு.

மனைவி: அணைச்சாச்சு... என்னங்க?

கணவர்: இருக்கேன்.

மனைவி: என்ன இவ்வளவு நேரம்?

கணவர்: தேடிக்கிட்டிருக்கேன்.

மனைவி: நம்ம வீட்டு அலமாரியிலயா? கண்ணைக் கட்டி விட்டாலும் எடுப்பீங்களே.

கணவர்: பக்கம் பார்க்கணும்ல.

மனைவி: ...சரியா ஒண்ணும் அமையலைன்னா அப்படியே வாங்க. பரவாயில்ல.

கணவர்: இல்ல இல்ல... கிடைச்சுடுச்சு. இந்தா.

மனைவி: 'வீட்டுத் தோட்டத்துக்கு மண் தயாரிப்பு.'

கணவர்: தலைப்பைப் பார்க்காதே. கடைசிப் பக்கத்தைப் பாரு.

மனைவி: நூத்தி... நாப்பத்தெட்டு.

கணவர்: ம்.

மனைவி: ...

கணவர்: என்ன ஒண்ணும் பேச மாட்டேங்கறே?

மனைவி: என்னோடதைக் காட்டவா? இதோ, மேஜை மேல. பறவைக் கையேடு. முன்னூத்தித் தொண்ணூறு.

கணவர்: முன்னூத்தி... அடிப்பாவி! இவ்வளவா கட்டறே?

மனைவி: நான் எங்க கட்டறேன்? ஊரு கட்டுது.

கணவர்: முன்னூத்தித் தொண்ணூறு... அந்த பில்லைக் கொடு. கண்ணாடி எங்க?

மனைவி: தலையில இருக்கு.

கணவர்: ம்... புத்தகப் பட்டியல் வெச்சிருக்கற சர்வருக்கு வாடகை, அம்பத்தி நாலாயிரம். அது சரி, நியாயம்தான். அப்புறம் உறுப்பினர் கட்டணம். ஆளுக்கு நாப்பது. எட்டாயிரத்து நானூறு பேர்... எட்டாயிரத்து நானூறா?

மனைவி: ஆமா. ஏன்?

கணவர்: ஒண்ணுமில்ல. நிறையப் பேரா இருக்காங்களேன்னு.

மனைவி: படிக்கற ஊரு.

கணவர்: நீ அவரைக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

மனைவி: திறந்தா காலை மிதிப்பேன்... அலோ? வணக்கம். டவுன் நூலகத்துலேருந்து.

கம்பெனிக்காரர்: மேடம்! வணக்கம் வணக்கம். உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்களா?

மனைவி: பேனா கிடைக்கல.

கம்பெனிக்காரர்: ஹா ஹா... மேடம், அஞ்சு மணிக்கு மேல ஆச்சுன்னா இந்த விலை இருக்காது. புது விலை வந்துடும். எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்காகத்தான் சொல்லறேன்.

மனைவி: எனக்காகத்தானே? அப்போ எனக்காக இன்னொண்ணும் சொல்லுங்க. இதைவிடக் குறைவா யாருக்கும் கொடுக்கலைன்னீங்க.

கம்பெனிக்காரர்: சத்தியமா மேடம்.

மனைவி: இதுல பாதிக்கும் கம்மியா கொடுக்கற இடம் எனக்குத் தெரியும்.

கம்பெனிக்காரர்: ...

மனைவி: அலோ? லைன்ல இருக்கீங்களா?

கம்பெனிக்காரர்: இருக்கேன் மேடம். அது... யார் சொன்னாங்க? விலையை வெளிய சொல்லக் கூடாது மேடம். ஒப்பந்தத்துலயே இருக்கு.

மனைவி: இல்லைன்னு சொல்லல நீங்க. யார் சொன்னாங்கன்னு கேட்கறீங்க.

கணவர்: (மெதுவா) அட!

மனைவி: உஷ்.

கம்பெனிக்காரர்: மேடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு சூழ்நிலை இருக்கும்ல. எந்த இடம்னு சொன்னா நான் விளக்கம் சொல்லலாம். உங்க வீட்டுக்காரர் காலேஜைச் சொல்லறீங்களா? அவங்கதான் போன—

மனைவி: அவரை இதுல இழுக்காதீங்க.

கம்பெனிக்காரர்: இல்ல மேடம், நான் என்ன சொல்ல வந்தேன்னா, சாரோட காலேஜ்ல—

மனைவி: அவர் வாயைத் திறக்கவே இல்ல. அவர் கையெழுத்துப் போட்டா போட்டதுதான். அந்தப் பேச்சு வேண்டாம். என் பில்லைப் பத்திப் பேசுங்க. குறைப்பீங்களா, மாட்டீங்களா?

கம்பெனிக்காரர்: ...சரி மேடம். உங்களுக்காக. ஆளுக்கு நாப்பதை முப்பத்தாறு ஆக்கறேன். பத்து சதவீதம். இதுக்கு மேல என் கையில இல்ல. மேலதிகாரியும் ஒத்துக்க மாட்டார்.

மனைவி: முப்பத்தாறு... ஒரு நிமிஷம் இருங்க. கணக்குப் போட்டுச் சொல்லறேன்... வெச்சுடாதீங்க.

கணவர்: சத்தம் போகாம பண்ணிட்டியா?

மனைவி: பண்ணிட்டேன். எவ்வளவு வருது?

கணவர்: மூணு லட்சத்து அம்பத்தாறாயிரம் சொச்சம்.

மனைவி: பத்தாது.

கணவர்: பத்தாது. இன்னும் ஒரு லட்சம் இடிக்குது.

மனைவி: அப்போ அவ்வளவுதானா? வண்டி...

கணவர்: விலையை விடு. எண்ணிக்கையைப் பாரு. எட்டாயிரத்து நானூறு பேர்னு இருக்கே...

மனைவி: உறுப்பினர்ங்க.

கணவர்: அத்தனை பேரும் வராங்களா? உன் நூலகத்துக்கு நான் வந்திருக்கேன்ல. சனிக்கிழமைகூட அவ்வளவு கூட்டம் இருக்காது. எத்தனை பேரு ஊரை விட்டுப் போயிட்டாங்க? எத்தனை பேரு... இல்ல?

மனைவி: மூவாயிரத்து நூறு.

கணவர்: என்ன?

மனைவி: அஞ்சு வருஷமா எட்டிப் பார்க்காதவங்க. மூவாயிரத்து நூறு பேரு. வருஷா வருஷம் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்ப்பேன். பார்த்துட்டு மூடி வெச்சுடுவேன்.

கணவர்: ஏன்மா?

மனைவி: எப்படிங்க எடுக்கறது? பழைய போஸ்ட்மேன் இருக்கார் அதுல. எதை எடுத்துட்டுப் போனாலும் செய்தித்தாள்ல அட்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பார். பல் டாக்டரம்மா இருக்காங்க. ஒரே கப்பல் கதையைப் பதினோரு தடவை எடுத்தாங்க. கடைசித் தடவை அவங்க பையன்தான் கொண்டு வந்து கொடுத்தான். ஒரு நாள் தாமதம்னு அபராதம் கட்டறேன்னு நின்னான்...

கணவர்: ம்.

மனைவி: பேரை நீக்கினா அவங்க என்னென்ன படிச்சாங்கங்கறதும் சேர்ந்து போயிடும். ஒரு பொத்தான். அவ்வளவுதான். அழுத்த மனசு வரல.

கணவர்: ...நாலு வருஷமா அவங்களுக்கும் சேர்த்து ஆளுக்கு நாப்பது கட்டிக்கிட்டிருக்கே.

மனைவி: ஆளுக்கு நாப்பதுன்னு இருக்கறதை நான் சரியாப் படிக்கவே இல்ல. யாருக்கும் சொல்லக் கூடாதுங்கற பக்கத்தை மட்டும் பயந்து பயந்து படிச்சேன்.

கணவர்: நானும் அப்படித்தான்.

மனைவி: முட்டாள்தனம் பண்ணியிருக்கேன், இல்ல?

கணவர்: முட்டாள்தனம்னு யார் சொன்னா? செத்தவங்களுக்குச் சந்தா கட்டற ஒரே நூலகர் நீதான்.

மனைவி: சிரிக்காதீங்க. அழுதுடுவேன்.

கணவர்: சிரிக்கல. இங்க பாரு. அந்த மூவாயிரத்து நூறு பேரையும் அச்சடிச்சுடு. யார், என்ன படிச்சாங்க, எல்லாம். கட்டி அலமாரியில வெச்சுக்க. காகிதத்துல இருக்கறவங்களுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு யாரும் கேட்க மாட்டாங்க.

மனைவி: ...அச்சடிக்க எத்தனை நாளாகும்?

கணவர்: ஞாயித்துக்கிழமை வந்து நான் அச்சடிச்சுத் தரேன். காகிதம் என் செலவு.

மனைவி: உங்களுக்கு ஏன் செலவு?

கணவர்: போஸ்ட்மேன் எனக்கும் தெரிஞ்சவர்தானே. அவரை எடுமா லைன்ல. மணி மூணே முக்கால்.

மனைவி: அலோ... இருக்கீங்களா?

கம்பெனிக்காரர்: இருக்கேன் மேடம். அதுக்குள்ள டீ குடிச்சு முடிச்சுட்டேன்.

மனைவி: முப்பத்தாறு சரி. ஆனா எண்ணிக்கை எட்டாயிரத்து நானூறு இல்ல. ஐயாயிரத்து முன்னூறு.

கம்பெனிக்காரர்: எப்படி மேடம்? சிஸ்டத்துல எட்டாயிரத்து—

மனைவி: மீதி மூவாயிரத்து நூறு பேரை நீக்கறேன்.

கம்பெனிக்காரர்: எல்லாரையுமா?

மனைவி: இந்த மாசக் கடைசிக்குள்ள. எண்ணிக்கை குறைஞ்சா கட்டணம் குறையணும். நாலாவது பக்கத்துல நீங்கதான் எழுதியிருக்கீங்க. இப்பதான் படிச்சேன்.

கம்பெனிக்காரர்: அது... இருக்கு மேடம். யாரும் கேட்டதில்ல.

மனைவி: நான் கேட்கறேன்.

கம்பெனிக்காரர்: அப்போ முப்பத்தாறு தர முடியாதே மேடம். எண்ணிக்கை குறைஞ்சா பழைய விலைதான். நாப்பது.

மனைவி: நாப்பதுன்னா எவ்வளவுங்க வருது?

கணவர்: ரெண்டு அறுபத்தாறு.

கம்பெனிக்காரர்: யார் மேடம் அது?

மனைவி: எங்க வீட்டு டிவி. இங்க பாருங்க தம்பி. முப்பத்தாறுன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் சரின்னேன். சொன்ன சொல்லை அஞ்சு நிமிஷத்துல மாத்தற கம்பெனின்னு நான் வெளிய சொல்லலாமா? அதுக்கு ஏதாவது பக்கத்துல தடை இருக்கா?

கம்பெனிக்காரர்: ...இல்ல மேடம்.

மனைவி: அப்புறம்?

கம்பெனிக்காரர்: ...சரி. முப்பத்தாறு. ஐயாயிரத்து முன்னூறு. சர்வர் வாடகையோட ரெண்டு லட்சத்து நாப்பத்தி நாலாயிரத்து எண்ணூறு. அரை மணியில புது பில் அனுப்பறேன். அஞ்சுக்குள்ள கையெழுத்து வந்துடணும் மேடம்.

மனைவி: பேனா கிடைச்சுடுச்சு. வெச்சுடறேன்... வெச்சுட்டார். என்ன அப்படிப் பாக்கறீங்க?

கணவர்: நான் டிவியா?

மனைவி: வாயைத் திறக்க மாட்டேன்னீங்களே!

கணவர்: கணக்கு கேட்டே. பழக்க தோஷம்.

மனைவி: ரெண்டு நாப்பத்தி நாலு! பதினஞ்சாயிரம் மிச்சம்ங்க. வண்டி ஓடும். முதல்ல டிரைவரைக் கூப்பிடணும். அந்த மனுஷன் நேத்துலேருந்து சாப்பிட்டாரோ இல்லியோ.

கணவர்: கூப்பிடு. அதுக்கு முன்னாடி ஒண்ணு...

மனைவி: என்ன?

கணவர்: அந்த நூத்தி நாப்பத்தெட்டு.

மனைவி: அதை விடுங்க. இனி கேட்க மாட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கீங்க.

கணவர்: இல்ல, சொல்லணும்.

மனைவி: சொல்லித்தான் ஆகணும்னு இல்ல.

கணவர்: ...அது நாங்க கட்டற தொகை இல்ல.

மனைவி: ம்.

கணவர்: நான் எங்க காலேஜ் முதல்வர்கிட்ட எழுதிக் கேட்ட தொகை. 'இவ்வளவு மட்டும் ஒதுக்குங்க, கம்பெனியைப் பேசி எப்படியாவது வழிக்குக் கொண்டு வரேன்'னு. மூணு தடவை எழுதினேன். அவர் கையெழுத்துப் போடல. நாங்க ஒண்ணுமே கட்டறதில்லமா. சாஃப்ட்வேரை நிறுத்திட்டாங்க. நாப்பதாயிரம் புத்தகம் இருக்கு, எது எந்த அலமாரியில இருக்குன்னு என் தலையில மட்டும்தான் இருக்கு. பழைய அட்டைங்களைத் தூசி தட்டி எடுத்து, ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டிருக்கேன். கையால. சாஃப்ட்வேர் போனா அடுத்தது நூலகர்தானேன்னு நீ ராத்திரி தூங்க மாட்டே. அதான் சொல்லல. அப்புறம் நாள் போகப் போக... எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல. இன்னிக்கு நீ எண்ணைக் கேட்டப்போ, ஒண்ணுமில்லைன்னு சொன்னா உனக்குப் பேசறதுக்குக் கையில எதுவும் இருக்காதே. அதான் அந்தப் புத்தகத்தை...

மனைவி: ...

கணவர்: திட்டு. ஏதாவது சொல்லு. அந்த ஆளு என் காலேஜைப் பத்தி வாயெடுத்தப்போ எனக்கு உயிரே இல்ல. சொல்லித் தொலைச்சுடப் போறான்னு நெனச்சேன். நல்லவேளை, நீ குறுக்க பேசினே. ரெண்டு தடவை வாயெடுத்தான், ரெண்டு தடவையும் நீ... நீ ஏன்மா அவனைப் பேச விடல?

மனைவி: தினமும் காலைல நூலகத்தைத் திறந்ததும், எல்லா நூலகத்தையும் ஒண்ணா தேடற பக்கம் இருக்குல்ல, அதுல முதல்ல உங்க காலேஜைத்தான் போடுவேன்... நீங்க நேத்து புதுசா என்ன புத்தகம் சேர்த்தீங்கன்னு பார்க்கறதுக்கு. எட்டு மாசமா 'இந்த நூலகம் இணைப்பில் இல்லை'ன்னுதான் வருது. நீங்களா சொல்லுவீங்கன்னு நானும் வாயைத் திறக்கல. இன்னிக்கு அலமாரிக்கு அனுப்பினப்போகூட, வெறுங்கையோட திரும்பி வருவீங்கன்னுதான் உக்காந்திருந்தேன்.